கோணல் ஏகாத்தா

அந்தக் காலத்துல, ஏரியும் கடலும் கட்டிப் புடிச்சிக்கிற எடத்துல, முகத்துவாரக்குப்பம்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அங்க ஏகாத்தா ஏகாத்தான்னு ஒருத்தி. ஒரு எடத்துல குந்தமாட்டா. சோறு கூட நின்னுக்கிட்டேதான் தின்னுவாளாம். வீட்டுல அடங்குனாளா? இல்ல. வெளியில அடங்குனாளா? அதுவும் இல்ல.

ஊர்ல துணிக்குச் சித்திரம் எழுதற கொட்டாய் ஒண்ணு. ஒருத்தன் கோடு இழுப்பான், ஒருத்தன் மெழுகு வெப்பான், ஒருத்தி செவப்பு தடவுவா. ஆளுங்கள எழுதறது மட்டும் ஏகாத்தா வேல. அவ எழுதுனா பக்கத்து வீட்டுக்காரனே துணியில வந்து நிப்பானாம்.

ஏரிக்கரைக் கோட்டையில ஒரு வெள்ளக்காரத் தொர. அவங்கிட்ட படம் எழுத யோரிஸ்னு ஒருத்தன் கப்பல்ல வந்தான். பிளாண்டர்ஸ்னு ஒரு சீமையாம் அவனுக்கு. நம்ம ஏரிய எழுதுனான் பாருங்க, தொட்டா வெரல் நனையும்னு சொல்லுவாங்க. ஆனா மரம் இருக்கு, நெழல்ல குந்த ஆளு இல்ல. கரை இருக்கு, வலை காயப்போட ஆளு இல்ல. ஒரு குடிசை கூட இல்ல.

தொரைக்கு வாயெல்லாம் பல்லு. குடியிருக்கற எடத்துல கை வெக்கக் கூடாதுன்னு அவனுக்கு மேல இருக்கற பெரிய தொர உத்தரவு. "வர்ற கப்பல்ல பெரிய தொர வரார். இந்தப் படத்தக் காட்டி, இது வெறுங்கரைன்னு சொல்லி, சரக்கு அடுக்கக் கெடங்கு கட்டப்போறேன். மூட்டையக் கட்டுங்கடா"ன்னு தண்டோரா போட்டுட்டான்.

ஏகாத்தாவுக்கு இருப்பு கொள்ளல. ஒரே ஓட்டமா கோட்டைக்குள்ள பூந்து, யோரிஸப் புடிச்சிக்கிட்டா.

"யோவ்! தெனம் எங்க வீட்டு மீனத்தான தின்ன? நாங்க உன் கண்ணுக்குத் தெரியலியா?"

யோரிஸ் அரைகொறத் தமிழ்ல அழுதானாம். "தெரியாம இல்லம்மா. எங்க பட்டறையில நெலமும் தண்ணியும் எழுதறது என் வேல, ஆளு, குடிசையெல்லாம் எழுதறது என் கூட்டாளி வேல. அவன் கப்பல்லயே செத்துட்டான். எனக்கு ஆளு எழுத வராது. அவனுக்குன்னு எடம் விட்டு வெச்சேன். அதத்தான் வெறுங்கரைங்கறான் தொர."

"எங்க கொட்டாயிலயும் இதே கததான். தள்ளு"ன்னாளாம்.

கொட்டாயே தெரண்டு வந்துச்சு. கோடு இழுக்கறவன் குடிசைய எழுதுனான், வலைய எழுதுனான். செவப்புக்காரி சேலைக்கெல்லாம் நெறம் கொடுத்தா. ஏகாத்தா மூஞ்சிங்கள எழுதுனா. நொண்டிக் காளத்திய எழுதுனா, மாறுகண்ணு மங்காவ எழுதுனா, தொட்டில் புள்ளைய எழுதுனா. அதுக்குள்ள பெரிய தொர வர்ற கப்பலோட பாயி கடல்ல தெரிஞ்சிடுச்சு. எழுதுனா, எழுதுனா, கை நிக்கல.

பெரிய தொர வந்தான். படத்து மேல போட்டிருந்த தெரைய வெலக்கிப் பாத்தான். கரை முழுக்க ஜனம்!

"எல்லாம் கற்பனைங்க"ன்னான் கோட்டைத் தொர.

ஏகாத்தா ஓடிப்போய்க் கதவத் தொறந்துவிட்டா. வாசல்ல ஊரே நின்னுச்சு. பெரிய தொர படத்துல மாறுகண்ணப் பாத்தான், வாசல்ல மாறுகண்ணப் பாத்தான். "படத்துல இருக்கறவங்கள எவனும் அசைக்கக் கூடாது"ன்னுட்டான்.

கோட்டைத் தொரைக்கு வயிறு எரிஞ்சுது. "சரிங்க. ஆனா இவ படத்துல இல்லியே. இவ போகட்டும்."

ஆமாங்க. ஊரையே எழுதுனவ தன்ன எழுத மறந்துட்டா. அன்னிக்குத்தான், பொறந்ததுலேருந்து மொத தடவையா, ஏகாத்தா அசையாம நின்னாளாம்.

யோரிஸ் தூரிகைய எடுத்தான். ஆளு எழுத வராதவன்தான், ஆனாலும் எடுத்தான். எல்லாருக்கும் நடுவுல ஒரு உருவத்த எழுதுனான். தோளு ஒண்ணு ஏறி, ஒண்ணு எறங்கி, கை மூங்கில் கழியாட்டம், மூஞ்சி சப்பிப்போட்ட பனங்கொட்டையாட்டம்.

"இது யாரு?"ன்னான் பெரிய தொர.

"ஏகாத்தா!"ன்னு ஊரே கத்துச்சு. அவ கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு. "நானேதான்யா"ன்னாளாம். பெரிய தொரையும் சிரிச்சிட்டான். "இருக்கட்டும்"னான்.

படம் கப்பலேறிப் போச்சு. இன்னிக்கும் அந்தக் குப்பத்துல, அதான் எங்க ஊர்ல, புள்ள பொறந்தா, பேர் வெக்கறதுக்கு முன்ன, ஏரியப் பாத்த செவுத்துல புள்ளைய எழுதிடுவோம். பக்கத்துல கோணலா ஒரு பொம்பள. போன வருசம் எங்க பேரப்புள்ள பொறந்தப்ப, எங்க மருமவன், பட்டணத்துல சித்திரம் படிச்சவன், அவள லட்சணமா எழுதிப்புட்டான். ஊரே கூடி சுண்ணாம்பு அடிச்சி அழிச்சோம். "யாரோ ஒருத்திய எழுதி வெச்சிருக்கியே, எங்க ஏகாத்தா எங்க குந்துவா?"ன்னு கேட்டோம். அவள மறுபடி கோணலா எழுதுன அப்பறம்தான் புள்ளைக்குப் பேர் வெச்சோம்.