'ஜட்ஜ்' என்று அச்சிட்ட அட்டை

இங்கே காப்பி நன்றாக இருக்கிறது. என் நீதிமன்றத்தில் எந்தக் காலத்திலும் இப்படி ஒரு காப்பி கிடைத்ததில்லை. நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள், அதனால் நானும் பொறுமையாகவே சொல்கிறேன்.

என் பெயர் ஆரின் டாக்கெட். பெக்கன் வெல்ஸில் இருபது வருடங்களுக்கு மேல் சமாதான நீதிபதியாக இருந்தேன். வாடகை தராதவரை வீட்டைவிட்டு வெளியேற்றுவது, வேகமாகப் போன லாரிக்காரருக்கு அபராதம் போடுவது, அவசரக் கல்யாணங்கள். பெரிய வழக்குகள் எங்களிடம் வராது. ஆனாலும் ஆட்களுக்குக் கோபம் வரும். ஒருமுறை எவனோ என் வேலியில் செத்த நரி ஒன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் மறைத்து வைத்துக்கொள்ளும் கைத்துப்பாக்கிக்கு உரிமம் வாங்கினேன்.

எங்கள் டெக்ஸாஸ் சட்டம் நீதிபதிகளிடம் தாராளமாக நடந்துகொள்ளும். மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுத வேண்டும். பதவியில் இருக்கும் நீதிபதிக்கு அது வேண்டாம். இவருக்குக் குறி பார்த்துச் சுடத் தெரியும் என்று ஒரு பயிற்சியாளர் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் போதும். வருகிற அட்டையில் 'ஜட்ஜ்' என்றே அச்சிட்டிருக்கும். மற்றவர்கள் துப்பாக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டு வர வேண்டிய நீதிமன்றத்துக்குள், நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டே நுழையலாம்.

கடைசியாகப் புதுப்பித்தபோது என் வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. பயிற்சியாளர் ஹாய்ட் நான் குறி வைத்துச் சுட்ட தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன ஜட்ஜ், தாள்ல ஒரு ஓட்டையக்கூடக் காணோம்? தோட்டாவெல்லாம் மெக்சிகோவுக்கே போயிருச்சா?"

"காத்து அடிக்குது, ஹாய்ட்."

"ஆமாமா, காத்துதான். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

நல்ல மனிதர்.

எங்கள் ஊரில் நீதிபதி பதவிக்கும் தேர்தல்தான். போன நவம்பரில் தோற்றேன். ஜெயித்தது கிரஸீலா மாண்ட்டமேயர். என்னிடம் எழுத்தராக இருந்தவள், கெட்டிக்காரி. அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்கள் ஊரில் ஒருவரை ஒருதரம் 'ஜட்ஜ்' என்று கூப்பிட்டுவிட்டால் சாகிறவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், தோற்றிருந்தாலும் சரி. முடிவெட்டுகிற கடையில், சர்ச்சில், பெட்ரோல் போடுகிற இடத்தில், எங்கேயும் எதுவும் மாறவில்லை. அட்டையிலும் மாறவில்லை. அது காலாவதியாக இன்னும் நாள் இருந்தது.

அதனால் செவ்வாய்க்கிழமைகளில் நான் நீதிமன்றத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவேன். வாசலில் காவல் நிற்கும் லைல் என்னை உலோகச் சோதனைக் கருவிப் பக்கமே விடமாட்டான்.

"நீங்க இப்படிப் போங்க ஜட்ஜ். இது உங்களப் பாத்துக் கத்துனா ஊரே என்னைக் காறித் துப்பும்."

கிரஸீலா இதைக் கவனித்திருக்கிறாள். ஒருநாள் என் அறைக்கு, அதாவது அவள் அறைக்கு, கூப்பிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க, ஜட்ஜ். அந்த அட்டை பதவியில இருக்கறவங்களுக்கு. நீங்க இப்ப..."

"இப்ப?"

"முன்னாள், சார். துப்பாக்கிய வீட்டுல வெச்சுட்டு வாங்க. உங்களுக்கு வேணும்னா சனிக்கிழமை ஹாய்ட் வகுப்புல உக்காந்து சாதாரண உரிமம் எடுத்துக்கலாமே. ஒரே நாள் வேலை."

"தீவனக் கடைக்குப் பின்னாடி நடக்குதே, அந்த வகுப்புலயா? நான் அபராதம் போட்ட பயலுகளோடயா?"

"முதல்ல கண்ணை டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போங்க" என்று சிரித்தாள். அன்பாகத்தான் சிரித்தாள். "அடுத்த வாரத்துலேர்ந்து லைல் உங்களையும் சோதிப்பாரு. எல்லாரையும் போலத்தான்."

எல்லாரையும் போல. நான் கோபப்படவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை லைலின் காதெல்லாம் சிவந்திருந்தது.

"ஜட்ஜ், அந்தம்மா ஏதோ சொல்லிருக்காங்க... இடுப்புல ஒண்ணுமில்லையே?"

"என்ன இருக்கும், லைல்?"

"அதானே! இதைப் போய் உங்ககிட்ட கேக்க வெச்சுட்டாங்க பாருங்க. அவங்க கேட்டா கருவி வழியாதான் வந்தேன்னு சொல்லிருங்க."

உள்ளே வாடகை வழக்கு நடந்துகொண்டிருந்தது. குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு கிரஸீலா அவகாசம் கொடுத்துக்கொண்டிருந்தாள். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். எழுந்து நின்றேன்.

"உக்காருங்க, மிஸ்டர் டாக்கெட்" என்றாள்.

முதல் தோட்டா அவளுக்குப் பின்னால் இருந்த மரப்பலகையில் பட்டது. கண்புரைதான். அதனால் நடந்து பக்கத்தில் போனேன். அவள் மேசைக்கு அடியில் குனிந்திருந்தாள். சுற்றிக்கொண்டு போய் இரண்டு முறை சுட்டேன். ஒன்று வயிற்றில், ஒன்று தோளுக்குக் கீழே. சட்டையில் இரத்தம் வேகமாகப் பரவியது. அவள் குதிகால்கள் தரையை உதைத்துக்கொண்டே இருந்தன. ஒரு செருப்பு கழன்று சுவரோரம் போய் விழுந்தது.

லைல் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். என்னைப் பார்த்ததும் கை தாழ்ந்தது.

"என்ன பண்ணிட்டீங்க, ஜட்ஜ்?"

என் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டேன். லைல் தன் சட்டையைக் கழற்றி அவள் வயிற்றில் வைத்து அழுத்தினான்.

எங்களுடையதைப் போன்ற சின்ன கவுன்ட்டியில், அதாவது மாவட்டத்தில், பிணம் பார்க்கும் மருத்துவர் கிடையாது. யாராவது செத்தால் சமாதான நீதிபதிதான் வந்து பார்த்து, இறந்துவிட்டார் என்று அறிவிப்பார். அறிவித்தபின் யாரும் உடலைத் தொடக்கூடாது. நெடுஞ்சாலையில், மாட்டுப் பண்ணைகளில், எத்தனையோ பேருக்கு நான் அறிவித்திருக்கிறேன். அதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. அந்த ஊரில் அப்போது அதைச் செய்ய வேறு யார் இருந்தார்கள்? நான் குனிந்து அவள் கழுத்தில் விரலை வைத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தேகாலுக்கு இறந்தார் என்று அறிவித்தேன்.

"கையை எடு, லைல். இனிமே தொடக்கூடாது. உனக்குத் தெரியும்ல."

"சரி, ஜட்ஜ்" என்று எடுத்துவிட்டான். பழக்கம்.

குழந்தைக்காரி அலறினாள். "கண்ணு முழிச்சிருக்குய்யா! வாய் அசையுது, பாருங்கய்யா!"

நீதிமன்றத்தில் கத்தக்கூடாது என்று சொன்னேன். எதிரே தீயணைப்பு நிலையத்திலிருந்து இரண்டு பேர் முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தார்கள். லைல் கைகளை விரித்து வாசலிலேயே மறித்தான். "ஜட்ஜ் அறிவிச்சுட்டாரு" என்றான். அவர்களும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவளுக்கு உயிர் இருந்தது, அழுத்திய கையை எடுக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று பிணத்தை அறுத்துப் பார்த்த உங்கள் ஊர் மருத்துவர் எழுதியிருக்கிறாராம். மருத்துவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. சுட்டது நான்தான், அதை மறுக்கவில்லை. எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஆனால் அவர் எழுதிய இறந்த நேரத்தை மட்டும் பத்தேகால் என்று திருத்திவிடுங்கள். எங்கள் கவுன்ட்டியில் ஒருவர் எப்போது இறந்தார் என்பதை ஜட்ஜ்தான் சொல்வார்.