இன்னிக்கும் காத்து சரியில்ல

லதீஃபா: ...அதத்தான் சொல்றேன், இன்னிக்கும் காத்து சரியில்ல. நங்கூரத்த எடுக்க வேண்டாம்.

பரீத்: எங்கடீ காத்து? கோப்பையில சாயா கூட ஆடல.

லதீஃபா: இங்க ஆடாது. மட்டாஞ்சேரிக் காயலுக்குள்ள கிடக்கோம். காயல் கடல்ல சேர்ற அழிமுகம் தாண்டிப் போனாத்தான்...

பரீத்: போனா?

லதீஃபா: ரெண்டாள் உசரத்துக்கு அலை. ஃபோன்ல போட்டிருக்கு.

பரீத்: நேத்தும் ரெண்டாள். முந்தாநேத்தும் ரெண்டாள். அதென்ன அலையோ, வளரவும் மாட்டேங்குது, குறையவும் மாட்டேங்குது!

லதீஃபா: என்னக் கேட்டா? நானா அலை அடிக்கிறேன்?

பரீத்: மூஞ்சில வெயில் சுள்ளுனு விழுது. தலையே சுத்துதுடீ. துறைமுகத்துல முப்பது வருஷம் கப்பல் இழுக்கிற டக் போட் ஓட்டின ஸ்ராங்கு நான். வானம் ஒண்ணு சொல்லுது, உன் ஃபோன் ஒண்ணு சொல்லுது.

லதீஃபா: வானத்துக்கு என்ன தெரியும்...

பரீத்: ஆமா, வானத்துக்குத் தெரியாது! இந்தப் பாய்ப்படகுதான் இனி வீடுன்னு இருந்த வீட்டக் காலி பண்ணியாச்சு. தெருவே கூடி துஆ ஓதி அனுப்பியாச்சு. மங்களூர்ல நம்ம மக முஹ்சினா, வாப்பா எப்ப வருவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. நாம இன்னும் நம்ம தெருப் பள்ளிவாசல் பாங்கு கேட்டு எந்திரிக்கிறோம்.

லதீஃபா: பாங்கு கேக்கறது நல்லதுதானே.

பரீத்: கிண்டலா?

அப்ஸல்: மச்சான்! ஓய் மச்சான்! அந்தக் கயிற இப்படிப் போடுங்க.

லதீஃபா: வந்துட்டான் என் தம்பி. அப்ஸலே, வள்ளத்தக் கட்ட வேண்டாம். மீனக் குடுத்துட்டுப் போடா, மழை வருது.

அப்ஸல்: மழையா? ராத்தா, கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி கிடக்கு. வைப்பின் தீவுக்காரங்க எல்லாம் போய்ட்டு மீனோட திரும்பியாச்சு. நீங்க ரெண்டு பேரும் இங்க என்ன அடைகாக்கறீங்களா?

லதீஃபா: வாய மூடு!

பரீத்: இல்லடா, ஃபோன்ல காத்துன்னு...

அப்ஸல்: எந்த ஃபோன்ல? காட்டு ராத்தா... அட, குடுன்னா... எங்க இருக்கு காத்து? இந்த வாரம் பூரா நல்லாத்தானே போட்டிருக்கான்! மச்சான், நீங்க பாக்கலையா?

பரீத்: அவ வாசிப்பா, நான் சுக்கான் பிடிப்பேன். அதான் எங்க ஏற்பாடு.

அப்ஸல்: அதுக்குன்னு ஒரு தடவ எட்டிப் பாக்கக் கூடாதா? எனக்கு ஒண்ணும் மனசிலாகல...

லதீஃபா: மனசிலாக வேண்டாம். கிளம்பு!

அப்ஸல்: போறேன், போறேன்... நல்ல கூத்து!

பரீத்: ...போயிட்டானா?

லதீஃபா: ம்.

பரீத்: பொய்யா சொன்ன?

லதீஃபா: ஆமா.

பரீத்: தினமுமா?

லதீஃபா: அல்லா மன்னிக்கட்டும். தினமும்தான்.

பரீத்: ஏன்டீ? கடல் பயமா?

லதீஃபா: கடல் என்ன செய்யும்... அன்னிக்குக் கிளம்பினோமே, அந்தப் பச்ச மிதவைய நேரா இடிக்கப் போனீங்க. நான் கத்தினப்புறம்தான் திருப்பினீங்க. காத்து மோசம், இன்னொரு நாள் போலாம்னு திரும்பி வந்தீங்க.

பரீத்: கண்ணுல வெயிலடிச்சுது.

லதீஃபா: அன்னிக்கு மேகமூட்டம்ங்க. நேத்து இந்த ஃபோன்ல எழுத்தப் பெருசாக்கி உங்க மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். காத்தே இல்லன்னு போட்டிருந்துச்சு. நீங்க 'ஆமா, மோசம்தான்'னு தலையாட்டினீங்க. ஸ்ராங்குக்குக் கண்ணு தெரியலன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? அதான் அன்னிலேருந்து தினமும் பழியக் காத்து மேல போட்டேன்.

பரீத்: நீ பொய் சொல்றது எனக்கு மொத நாளே தெரியும், லதீஃபா. காத்தத் தெரிஞ்சுக்கக் கண்ணா வேணும்? தினமும் காலையில, 'யா அல்லா, இவ இன்னிக்கும் பொய் சொல்லணும்'னு வேண்டிக்கிட்டுத்தான் உன்கிட்ட கேப்பேன்.