ஒன்பது மணிக்கு ஒரு ‘இருக்கேன்’

எனக்குப் படமும் பொம்மை முகமும் போட்டுப் பேசுவது பிடிக்காது, ஐயா. வெறும் எழுத்து போதும். அப்படி வெறும் எழுத்தில் பேசுகிற ஒரு சாட் புரோகிராமைத்தான் ஆமையும் நானும் இருபத்திரண்டு வருடமாக எழுதி வந்தோம். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். ஆமை என்பது அங்கே அவனாக வைத்துக்கொண்ட பெயர். கால் சரியில்லாதவன், தனிக்கட்டை. அடுத்தவன் கேலி செய்வதற்குள் தானே செய்துகொள்வான்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு எங்கள் அரட்டை அறையில் “இருக்கேன்” என்று எழுதுவான். வேறு ஊரில் இருக்கும் அவன் தங்கை “சரிண்ணா” என்பாள். ஒன்பதரைக்குள் அது வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் கதவைத் தட்டச் சொல்வாள். அது அண்ணன் தங்கைக்குள் இருந்த ஏற்பாடு.

ஒரு வெள்ளிக்கிழமை என்னிடம் மட்டும், புரோகிராமை மூடிவிடலாம், திங்கட்கிழமை எல்லோருக்கும் அறிவித்துவிடுகிறேன் என்றான்.

“போதும்டா. வேற ஏதாவது பார்ப்போம்.”

எனக்கு வேறு எதுவும் கிடையாது என்பது அவனுக்குத் தெரியாதா என்ன.

வம்பு செய்கிறவர்களை அடக்க ஒரு கட்டளை வைத்திருந்தோம். அதைப் போட்டால் அந்த ஆள் எழுதுவது வேறு யாருக்கும் போகாது. அறையைப் பார்த்துக்கொள்கிற எனக்கு மட்டும் வரும். ஞாயிறு மாலை அதை ஆமைக்குப் போட்டேன். நாலு நாள் ஆறப்போட்டால் மனம் மாறுவான் என்று நினைத்தேன். தங்கை பதறக்கூடாதே என்று, தினமும் காலை ஒன்பது மணிக்கு அவன் பெயரில் “இருக்கேன்” தானாக விழும்படியும் செய்துவைத்தேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை.

திங்கள் காலை பத்து மணிக்கு, அவன் அறிவிப்புக்காகக் காத்திருந்த என் திரையில் இது வந்தது: “விழுந்துட்டேன். எழ முடியல. லேப்டாப் திரை உடைஞ்சு போச்சு, ஒண்ணும் தெரியல. போன் சமையலறையில இருக்கு. யாராவது தங்கச்சிகிட்ட சொல்லுங்க.”

திரை இல்லாமலே எழுத முடிகிறது பாருங்கள், எங்கள் புரோகிராமின் பெருமையே அதுதான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

கட்டளையை எடுக்கக் கை போனது. எடுத்தால் போட்டது நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். தேறி வந்து முதல் வேலையாக மூடியும் விடுவான். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்தேன். புதன்கிழமை மதியம் வரை நாற்பத்தொரு வரி எழுதினான். கடைசி வரி எனக்கு.

“டேய், நீயாவது படிக்கிறியா?”

படித்தேன். ஒன்று விடாமல் படித்தேன்.

எங்கள் அறையில் வாரக்கணக்கில் பேசாமல் இருப்பது சகஜம். பட்டியலில் பெயர் இருந்தால் ஆள் இருக்கிறார் என்று கணக்கு. யாரும் எதுவும் கேட்கவில்லை. தங்கை மட்டும் ஒருநாள் கால்வலி எப்படி என்று விசாரித்தாள். அவன் பெயரில் நானே, “பரவாயில்லம்மா” என்று எழுதினேன்.

பன்னிரண்டாம் நாள் நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்த பிறகுதான் உங்களுக்கே தகவல் வந்தது. நான் அவன் மேல் விரல்கூடப் படவிடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தங்கை வெளியே உட்கார்ந்து அழுகிறாள் என்றீர்கள். அவளிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள், ஐயா. நான் இல்லையென்றால் அவளுக்கு அந்தப் பன்னிரண்டு நாள்கூட அண்ணன் இருந்திருக்க மாட்டான்.