நான் ஆலோசகர், நீங்க நீங்களே

— ரெண்டு மணி நேரம் ஒருத்தன் இலவசமா உட்கார்ந்து பேசறான்னா, அவன் வீட்டு வாடகையை யார் கட்டுறா? சொல்லுங்க பாப்போம்.

— அதாவது, அவர்தான் பணக்காரர் ஆச்சே. வாடகை வீட்ல ஏன் இருக்கப் போறார்?

— சரி, அப்போ சொந்த வீட்ல காலை நீட்டிப் படுக்காம எதுக்கு உங்களுக்குப் பாடம் எடுக்கறார்? இருங்க, இஸ்திரிப் பெட்டியை அணைச்சிட்டு வர்றேன். இது சட்டை தேய்ச்சுக்கிட்டே கேக்கற கதை இல்ல.

— திட்டறதுன்னா நேரா திட்டிடு. சுத்தி வளைக்காத.

— ஐயோ, திட்டறதுக்கு இல்லங்க. நெஜமாவே தெரிஞ்சுக்கணும். இத்தனை வருஷமா கண்ணாடிக் கடையில நின்னு விக்கிறவ நான். இன்னொருத்தன் எப்படி விக்கிறான்னு கேக்கறதுல ஒரு ஆசை. முதல்லேர்ந்து சொல்லுங்க. எப்படிச் சிக்கினீங்க?

— சிக்கலை. சேர்ந்தேன். அதாவது, போன்ல ஒரு விளம்பரம். 'சம்பளத்தை நம்பி இருக்கறவங்களுக்கு மட்டும்'னு. ரிப்பேர் பாக்கப் போன இடத்துல, லிஃப்டுக்குப் புது பெல்ட்டு வர்ற வரைக்கும் மிஷின் ரூம்ல சும்மாதானே உட்கார்ந்திருந்தேன். அமுக்கிட்டேன்.

— அப்புறம்?

— போன்லயே இலவச வகுப்பு. எழுநூறு பேர். பாடம் எடுக்கற கோச் வந்ததும், 'கேக்குதா? கேட்டா ஆமான்னு எழுதுங்க'ன்னார். எல்லாரும் ஆமா. 'கஷ்டப்பட்டு சம்பாதிக்கிறீங்களா?' ஆமா. 'மாசக் கடைசியில கை காயுதா?' ஆமா.

— அடடா, ஆமா சொல்லவே பழக்கறான்! நான் மூணு ஃப்ரேமை மாட்டிவிட்டு, 'லேசா இருக்குல்ல, எடுப்பா இருக்குல்ல'ன்னு கேக்கற மாதிரி. சரி, என்ன சொல்லிக் குடுத்தார்?

— நிறைய. முன்னாடி பஸ்ல தொங்கிக்கிட்டு போவாராம். இப்போ நாலு கார்.

— அது அவர் கதை. முதலீடு பத்தி?

— அதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு.

— ஹா!

— சிரிக்காத. அதுக்குத்தான் அடிப்படை வகுப்புன்னு ஒண்ணு. ஆறு வீடியோ. நாம ரெண்டு பேரும் ஒருவேளை ஹோட்டல்ல சாப்பிடற காசுதான். வாங்கினேன்னு சொன்னேன்ல.

— சொன்னீங்க. நானும் போனாப் போகுதுன்னு விட்டேன். 'ஃப்ரேம் இலவசம்'னு நாங்க வாசல்ல போர்டு வைக்கிற மாதிரிதான் அது. உள்ள வந்தவன் கண்ணாடியை வெறும் ஃப்ரேமாவா மாட்டிக்குவான்? லென்ஸ் போடணும். லென்ஸ் போட்டா கீறல் விழும், அதுக்கொரு பூச்சு. கம்ப்யூட்டர் பாத்தா கண் எரியும், அதுக்கொரு பூச்சு. ஆறு வீடியோல எந்த ஷேரை வாங்கணும், எப்போ வாங்கணும்னு வந்துச்சா?

— சேமிப்புன்னா என்னன்னு ரெண்டு வீடியோ. மனசைத் தைரியமா வெச்சுக்கறதுக்கு மூணு. ஆறாவதுல, எதை வாங்கணும்ங்கறது 'முதலீட்டாளர் வட்ட'த்துல இருக்கறவங்களுக்குத்தான் சொல்வேன்னுட்டார்.

— ஓ, வட்டமா! வட்டத்துக்குள்ள போக என்ன விலை?

— நாளைக்கு ஆலோசகர்னு ஒருத்தர் கூப்பிடுவார். பத்து மணி தாண்டினா விலை ஏறிடுமாம்.

— நான் நேரத்தைக் கேக்கலையே.

— நாம சேத்து வெச்சிருக்கற அட்வான்ஸ்ல பாதி.

— நம்ம சொந்தக் கண்ணாடிக் கடைக்குன்னு, கிளினிக் பக்கத்து ரூமுக்குக் குடுக்க வேண்டிய அட்வான்ஸ்லயா?

— அதாவது பாரு, ஓனர் மாசக் கடைசி வரைக்கும் நமக்காக வெச்சிருக்கேன்னு சொல்லியிருக்கார். அதுக்குள்ள இதைப் பெருக்கிட்டா, கடையோட சேத்து கண் டெஸ்ட் பண்ற மிஷினும் வாங்கிடலாம்.

— மிஷின் நான் கேட்டேனா?

— கேக்கலை. போன்ல அந்தப் படத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துக்கிட்டிருந்தியே. நான் பாக்கலைன்னு நெனச்சியா?

— சும்மா பாத்தேங்க. அந்த ரூம் போயிடுச்சுன்னா இன்னொருத்தன் கடையிலயே எனக்குத் தலை நரைச்சிடும். அது போதும். சரி, வட்டத்துக்கு அப்புறம் என்ன இருக்கு?

— அப்புறம் ஒண்ணுமில்ல.

— யோசிச்சுச் சொல்லுங்க.

— ஒரு சாஃப்ட்வேர் இருக்காம். மாசாமாசம் கட்டணும். அது இல்லாமலும் பண்ணலாம். ஆனா அது இருந்தாத்தான் எப்போ வாங்கணும்னு அம்புக்குறி தெரியுமாம்.

— அம்புக்குறிக்கு அப்புறம்?

— மூணு நாள் முகாம். கோச் நேர்ல வருவார். அது தனி.

— இதெல்லாம் அவங்க எங்க போட்டிருக்காங்க?

— போடலை. வகுப்புல சேர்ந்தவங்களுக்கு போன்ல ஒரு குழு இருக்கு. அதுல ஒருத்தர், வட்டத்துல சேர்ந்தப்புறம்தான் இதெல்லாம் சொல்றாங்கன்னு எழுதினார். டீ குடிச்சிட்டு வந்து பாக்கறேன், அவரைக் குழுவைவிட்டே தூக்கிட்டாங்க.

— பாத்தீங்களா! இதைப் பாத்த அப்புறமுமா?

— அதான் எனக்கே பாதி மனசு வேணாங்குது. நாளைக்கு அந்த ஆள் கூப்பிட்டா எடுக்காம விட்டுடலாமான்னு கூட நெனச்சேன்.

— பாதி மனசை வெச்சுக்கிட்டு போனை எடுத்தீங்கன்னா மீதி மனசை அவன் தூக்கிட்டுப் போயிடுவான். வாங்க, இப்படி வந்து கட்டில்ல உட்காருங்க. நான் ஆலோசகர், நீங்க நீங்களே. அவன் எப்படி மடக்குவான்னு நான் காட்டறேன். ஒருதடவை பாத்துட்டா அப்புறம் ஏமாற மாட்டீங்க.

— நாடகமா?

— ட்ரிங் ட்ரிங். எடுங்க.

— ஹலோ.

— வணக்கம் சார்! எழுநூறு பேர் வந்த வகுப்புல கடைசி வரைக்கும் அசையாம இருந்தவர் நீங்க. உங்களோட பேசறதே சந்தோஷம் சார்.

— நடுவுல ரெண்டு தடவை எழுந்து போனேனே.

— அதெல்லாம் அவனுக்குத் தெரியாதுங்க! உங்க சந்தேகத்தைக் கேளுங்க. நெஜமா மனசுல இருக்கறதையே கேளுங்க, அப்பதான் விளையாட்டு.

— நெஜமாவா? சரி. நான் அவ்வளவா படிக்கலைங்க. கணக்குன்னாலே எனக்கு ஆகாது.

— சார், நீங்க என்ன வேலை பாக்கறீங்க?

— லிஃப்ட் மெக்கானிக்.

— எத்தனை பேரு ஏறினா எந்தக் கயிறு தாங்கும், எவ்வளவு தேய்ஞ்சா மாத்தணும்னு தினம் பாக்கறீங்க. அது கணக்கு இல்லியா சார்? உங்களை நம்பித்தானே அத்தனை பேர் மேல போறாங்க. உங்களுக்குக் கணக்கு வராதுன்னு எவன் சொன்னது?

— எங்க வாத்தியார்.

— அவர் இப்போ லிஃப்ட்ல ஏறும்போது உங்களை நம்பித்தான் சார் ஏறுறார்.

— அடியேய்… நல்லாத்தான் பேசற. சரி, எனக்கு நேரம் இல்லியே. ஷிஃப்ட் மாறி மாறி வருது.

— பெல்ட்டு வர்ற வரைக்கும் மிஷின் ரூம்ல என்ன சார் பண்றீங்க?

— போன் பாக்கறேன்.

— அதே நேரம் போதும் சார்.

— போட்ட பணம் போயிட்டா?

— நியாயமான கேள்வி. இதைக் கேக்கறவர்தான் ஜெயிக்கிறவர். லிஃப்ட்ல பிரேக் இருக்குல்ல? கயிறே அறுந்தாலும் புடிச்சு நிறுத்துமே. அந்தப் பிரேக்கை எங்க போடணும்னுதான் வட்டத்துல முதல் வாரமே சொல்லித் தர்றோம். பிரேக் தெரியாம ஏறினாத்தான் சார் ஆபத்து.

— அந்தப் பிரேக்கை உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?

— நீங்கதான். கல்யாணமான புதுசுல, பயப்படாம ஏறுன்னு. குறுக்க பேசாதீங்க, அடுத்த கேள்வி.

— அவ்வளவு சம்பாதிக்கிற கோச் எதுக்கு எனக்குச் சொல்லித் தரணும்? இதைத்தானே நீ முதல்ல கேட்ட.

— சார், போன மாசம் உங்க கம்பெனிக்குப் புதுசா ஒருத்தன் வந்தான்ல? நீங்க ஏன் அவனுக்கு வேலை சொல்லிக் குடுத்தீங்க? ரகசியமா வெச்சிருக்கலாமே?

— பாவம், கையைக் கிய்யை விட்டுடப் போறான்னு.

— கோச்சும் அதே மாதிரிதான் சார்.

— ம்.

— இன்னும் ஒண்ணு. தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல அவங்களும் வேலைக்குப் போறாங்கல்ல? சாயங்காலம் கால் வீங்கி வந்து, பக்கெட் தண்ணியில பாதத்தை வெச்சுக்கிட்டு உட்காரும்போது, உங்களுக்கு எப்படி சார் இருக்கு?

— அதை ஏன் இழுக்கற?

— நான் இழுக்கலைங்க, அவன் இழுப்பான். பதில் சொல்லுங்க.

— கஷ்டமா இருக்கு. எங்க பாக்கறதுன்னு தெரியாம டிவியைப் பாப்பேன்.

— … நெஜமாவா?

— நெஜமா இருக்கறதைத்தானே சொல்லச் சொன்ன.

— சரி. சரி, முடிச்சிடறேன். சார், வட்டம் தனியா ஒரு விலை, சாஃப்ட்வேர் தனியா ஒரு விலை. அது ஊருக்கு. உங்களுக்காக மட்டும் மேலிடத்துல பேசி, ரெண்டையும் சேத்து, மூணுல ஒரு பங்கு கழிச்சுப் போட்டுத் தர்றேன். வெளியே சொல்லிடாதீங்க.

— அப்படி ஒண்ணு இருக்கா?

— எனக்கென்ன தெரியும்? நாங்க ரெண்டாவது கண்ணாடியை இப்படித்தான் தள்ளுவோம். ஒண்ணு வாங்க வந்தவங்க ரெண்டோட போவாங்க, அதுவும் லாபம்னு சிரிச்சுக்கிட்டே. எப்படி? மடக்கிட்டேனா இல்லியா?

— மடக்கிட்ட. ஒண்ணு கேக்கறேன். நீ சொன்ன பதில்ல எதாவது பொய்யா?

— பொய் ஒண்ணு கூட இல்ல. அதுதாங்க சாமர்த்தியம். பொய் சொன்னா சொன்னவன் மாட்டிக்குவான். எல்லாமே உங்ககிட்டேர்ந்து எடுத்ததுதான். புரிஞ்சுதா இப்போ?

— புரிஞ்சுது.

— இப்போ எத்தனை சந்தேகம் மிச்சம் இருக்கு?

— ஒண்ணும் இல்ல.

— அப்பாடா. எழுந்திரிங்க, அந்தச் சட்டையை எடுங்க, தேய்ச்சு முடிச்சிடறேன். ஆனாலும் நல்லா நடிக்கறீங்க நீங்க. ஒரு நிமிஷம் எனக்கே பாவமா போயிடுச்சு.

*

— என்னங்க, காலையிலயே கூப்பிடறீங்க? கடையில ரெண்டு பேர் நிக்கறாங்க. அந்த ஆலோசகர் போன் பண்ணினானா? எடுக்காம விட்டீங்கல்ல?

— எடுத்தேன். உன் அளவுக்கு அவருக்குப் பேச வரலை, பாவம், எழுதி வெச்சுப் படிக்கிறார். ரெண்டையும் சேத்து மூணுல ஒரு பங்கு கழிச்சுத் தருவீங்களான்னு நானே கேட்டேன். அப்படி ஒண்ணு அவங்ககிட்ட இதுவரைக்கும் இல்லியாம், யாரோ பெரியவரைக் கேட்டுட்டு வந்து சரின்னுட்டார். பத்து மணிக்கு முன்னாடியே பணத்தைக் கட்டிட்டேன்.