குட்டி இறாலுக்கு வைத்த பெயர்

திருவண்ணாமலையில் கடல் கிடையாது, இன்ஸ்பெக்டர் அம்மா. என் மூட்டுவலிக்கு உப்புக்காற்று ஆகாது. அதனால்தான் ஓய்வுபெற்றதும் வேங்கிக்காலில் வீடு கட்டினேன். ஆதிராஜும் பக்கத்துத் தெருவுக்கே வந்து சேர்ந்தான்.

நாங்கள் இருவரும் அந்தமான் கடற்குகைகளில் வாழும் பொடி இறால்களை இனம் பிரித்தவர்கள். அவற்றுக்குக் கண் கிடையாது, நிறம் கிடையாது, நீளம் ஓர் அரிசி. ஆதிராஜ் ஜைனன், உயிரைக் கொல்லமாட்டான். நான் பிடித்து ஸ்பிரிட்டில் போடுவேன். செத்தபின் அவன் கால்முள்ளை எண்ணி விவரம் எழுதுவான். பாவம் எனக்கு, பாராட்டு அவனுக்கு. நல்ல ஏற்பாடு.

எங்கள் தொழிலில் புது இனத்துக்குத் தன் பெயரைத் தானே வைத்தால் காறித் துப்புவார்கள், நண்பன்தான் வைக்கவேண்டும். ஆதிராஜ் ஒரு இறாலுக்கு என் பெயரை வைத்தான். எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை. கோயில் டியூப்லைட்டில்கூட என் பெயர் கிடையாது. அப்பாதுரை என்று ஒருவன் இருந்ததற்கு அந்த இறால்தான் அத்தாட்சி.

ஐப்பசியில் ஒருநாள் ஆதிராஜ் காபியை ஆற்றியபடி சொன்னான்.

"டேய், உன் பேரு வச்ச இறாலோட பழைய படத்தை கம்ப்யூட்டர்ல பெருசாக்கிப் பார்த்தேன். அது வெறும் குட்டிடா. வளர்ந்தா பழைய இனந்தான். உன் பேரை எடுத்துடணும்னு எழுதப்போறேன்."

"இருட்டுல கெடக்குற கண்ணில்லாத ஜீவன். அதுவே ஒண்ணும் கேக்கல, உனக்கு ஏன்டா அரிக்குது?"

"பொய்யில கம்மி பொய், ஜாஸ்தி பொய்னு இருக்காடா?"

நேர்மை மெச்சத்தக்கது. மெச்சினேன். மறுநாள் காலை நடைக்கு, கைவிட்ட கல்குவாரி பக்கமாக அழைத்துப்போனேன்.

அவனுக்குக் கண் மங்கிவிட்டது. எறும்பு மிதிபடாமலிருக்க, வழியில் நான்தான் பார்த்துச் சொல்வேன். விளிம்பில் நின்று சொன்னேன்:

"எறும்பு சாரைசாரையா போவுதுடா. இடப்பக்கம் ஒதுங்கு."

ஒதுங்கினான். இடப்பக்கம் தரை இல்லை.

ஆனால் முந்தின இரவே கட்டுரையை அனுப்பித் தொலைத்திருக்கிறான். போன வாரம் வெளிவந்துவிட்டது. இறால் என் பெயரை இறக்கிவைத்துவிட்டது.

நீங்களோ 'தவறி விழுந்து மரணம்' என்று முடித்துவிட்டீர்கள். உங்கள் வகைப்பாடு தவறு அம்மா. அங்கே எறும்பே இல்லை. கொன்றவர் கு. அப்பாதுரை என்று, முதலெழுத்தோடு, திருத்தி எழுதுங்கள். இருந்திருந்தால் ஆதிராஜே மெச்சியிருப்பான்.