எங்க வீட்டில் விபத்தில்லா நாட்கள்

எங்க வீட்டில கண்ணாடி டம்ளரே கிடையாது மேடம். எல்லாம் பிளாஸ்டிக்தான். பிள்ளைங்க வந்து போற வீடு பாருங்க, கை தவறிக் கீழ விழுந்தா சில்லு கால்ல ஏறிடும். மேசை முனைக்குக்கூட ரப்பர் ஒட்டி வச்சிருக்கேன். "உங்களுக்குத் தொழிற்சாலையும் வீடும் ஒண்ணுதான்"னு என் சம்சாரம் கேலி பண்ணுவா. ஒண்ணுதானே.

பெயின்ட் தொழிற்சாலையில பத்தொம்பது வருஷமா பாதுகாப்பு அதிகாரி நான். அங்க வாசல்ல நுழைஞ்சதும் பெரிய பலகை இருக்கும்: 'விபத்தில்லா நாட்கள்'. தினம் காலையில நம்பரை நான்தான் மாத்துவேன். யாராவது அடிபட்டா திரும்பப் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை எழுதறது எவ்வளவு பெரிய அவமானம்னு மத்தவங்களுக்குப் புரியாது. வீட்டிலயும் ஃப்ரிட்ஜ் கதவுல அதே மாதிரி ஒரு சின்னப் பலகை மாட்டியிருக்கேன்.

போன வருஷம் பொண்ணோட பள்ளிக்கூடத்துல பெற்றோர் கூட்டம். பிள்ளைங்க குடி, போதைன்னு போகாமப் பெத்தவங்க எப்படிப் பார்த்துக்கணும்னு பேச்சு. ஆளாளுக்கு எழுந்து அவங்கவங்க வீரப் பிரதாபத்தைச் சொல்றாங்க. ஒருத்தர் மகனோட பையைத் தினமும் கவுத்துக் கொட்டுவாராம். ஒரு அம்மா, மகள் வாசப்படி ஏறினதும் வாயை மோந்து பார்ப்பாங்களாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. மோந்து பார்க்கிறது காரியம் கெட்ட பிறகு பண்ற வேலை. முன்னாடியே தடுக்கணும். நான் எழுந்து அதைத்தான் பேசினேன். கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆச்சு.

தடுக்கிறதுன்னா என்ன? கண்ட இடத்துல, கண்ட கழுதைகளோட, கண்டதைக் குடிக்காம பார்த்துக்கிறது. எப்படியும் குடிக்கத்தான் போறாங்க. அதையே நல்ல சரக்கா, நல்ல நாற்காலியில உட்கார்ந்து, பொறுப்பான ஒருத்தர் கண்ணு முன்னாடி குடிச்சா என்ன குறைஞ்சிடும்? இதை மட்டும் கூட்டத்துல சொல்லல. எல்லாருக்கும் அந்தப் பக்குவம் வராது.

மாசம் ஒரு சனிக்கிழமை, மதியம் ரெண்டு மணிக்கு வைப்பேன். என் சம்சாரம் நர்ஸ். அவளுக்கு ஷிப்ட் இருக்கிற சனிக்கிழமையாத்தான் பார்ப்பேன். என் பொண்ணும் அவ கூட்டாளிங்க மூணு நாலு பேரும் இருப்பாங்க. எல்லாருக்கும் பதினஞ்சு, பதினாறு வயசு. தொழிற்சாலையில அனுமதிச் சீட்டு இல்லாம ஒருத்தனை ஏணி ஏற விடமாட்டேன். வீட்டிலயும் அப்படித்தான். பேரு, நேரம், எத்தனை டம்ளர், வாந்தி உண்டா இல்லையா, எல்லாம் எழுதணும். கீழ 'பொறுப்பாளர்'னு நான் கையெழுத்துப் போடுவேன். ஸ்டேஷன்ல இப்ப உங்க மேசையில இருக்கே, அந்த ஃபைல்தான். தேடிக் கண்டுபிடிச்சதா எழுதிடாதீங்க, நானே எடுத்துக் கொடுத்தது.

கீழ்வீட்டுத் தையல்காரம்மாவோட பொண்ணை நாங்க சில்வண்டுன்னு கூப்பிடுவோம். வாய் ஓயாது அதுக்கு. அம்மாவும் மகளும் மட்டும்தான் அந்த வீட்டில. அந்த அம்மா ரொம்பக் கண்டிப்பு, மகளை எங்கயும் அனுப்பாது. "அண்ணே, உங்க வீடுன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு அனுப்புவேன்"னு என்கிட்டயே சொல்லியிருக்கு. சரியாத்தான் சொல்லிச்சு. வேற யார் வீட்டில இவ்வளவு ஒழுங்கா நடக்கும், சொல்லுங்க?

நேத்துதான் சில்வண்டுக்கு முதல் தடவை. ஒரு வாய் குடிச்சிட்டு முகத்தைச் சுளிச்சா. "ஐயே, கசக்குது மாமா. எனக்கு வேணாம்."

"பழகிக்கம்மா. நாளைக்கு வெளியில எவனாவது கொடுத்தா ஏமாறக் கூடாதுல்ல"ன்னேன். பயிற்சி கொடுக்கிறது என் கடமை. அஞ்சு டம்ளர். சீட்டுல எழுதியிருக்கேன் பாருங்க.

நாலரை மணிக்கு அந்த வாய் ஓய்ஞ்சுது. சோபாவுல சாஞ்சவளை உலுக்கினா எழுந்திரிக்கல. மூச்சு விட்டு விட்டு வந்துச்சு, உதடு நீலமாச்சு. என் பொண்ணு கையைப் பிடிச்சு இழுக்கிறா. "அப்பா, அம்மாவுக்கு ஃபோன் போடுங்கப்பா. ஆம்புலன்ஸையாவது கூப்பிடுங்கப்பா." வேலையில இருக்கிறவளைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னேன். ஃப்ரிட்ஜ் பலகையைப் பார்த்தேன். 212.

ஒரு தொழில் ரகசியம் சொல்றேன். தொழிற்சாலையில ஒருத்தன் மயங்கி விழுந்தா அது விபத்து. அவனையே கைத்தாங்கலா வாசலுக்கு வெளியில கொண்டு போய் விட்டு, அவன் வீட்டில போய் விழுந்தா அது வெறும் உடம்பு சரியில்ல. நம்ம பலகை அப்படியே நிக்கும். எட்டு தடவை பண்ணியிருக்கேன். ஒருத்தரைத் தவிர எல்லாரும் நல்லா இருக்காங்க.

மத்தப் பிள்ளைங்களை அனுப்பிட்டு சில்வண்டைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டேன். நாப்பது கிலோகூட இருக்க மாட்டா. பதினாலு படியும் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டேதான் இறங்கினேன். சாவி அவ சட்டைப் பையில இருந்துச்சு. அந்த அம்மா கடையைச் சாத்திட்டு வர ஏழு மணி ஆகும். கட்டில்ல மல்லாக்கப் படுக்க வச்சு, கழுத்து வரைக்கும் போர்த்தி விட்டேன். செருப்பை ஜோடியா வச்சேன். தொண்டையில களகளன்னு ஒரு சத்தம் வந்துச்சு. மயங்கினவங்களை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்னு முதலுதவி வகுப்புல சொல்லித் தர்றவனே நான்தான். ஆனா அப்படி வச்சா யாரோ வச்ச மாதிரி தெரிஞ்சிடும். கதவை இழுத்துச் சாத்திட்டு மேல வந்தேன்.

ஏழேகாலுக்குக் கீழ இருந்து அலறல் கேட்டுச்சு. முதல் ஆளா ஓடினது நான்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான், வேணும்னா விசாரிச்சுப் பாருங்க. வந்தவங்க பார்த்துட்டுக் கையை விரிச்சிட்டாங்க. அந்த அம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "அண்ணே, தனியாக் கிடந்து செத்திருக்காளே. உங்க வீட்டிலயே இருந்திருக்கக் கூடாதா பாவி"ன்னு அழுதுச்சு. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு மேடம், நானும் பிள்ளை பெத்தவன்தானே.

உங்களுக்கு ஃபோன் பண்ணினது என் பொண்ணுதான்னு தெரியும். கோபமெல்லாம் இல்ல. சின்னப் பொண்ணு, விதிமுறை தெரியாது. இன்னிக்குக் காலையில எழுந்து வந்து பார்க்கிறேன், பலகையில இருந்த நம்பரை அழிச்சிட்டுப் பெரிசா ஒரு பூஜ்யம் போட்டு வச்சிருக்கா. பக்கத்துலயே நின்னு என்னை முறைக்கிறா. நான் ஒரு வார்த்தை திட்டல. நீங்க கதவைத் தட்டினப்ப திறக்கக் கொஞ்சம் தாமதமாச்சே, ஏன்னு கேட்டீங்கல்ல. ஈரத்துணியால அந்தப் பூஜ்யத்தைத் துடைச்சு, காயவிட்டு, 213னு எழுதிட்டு வந்தேன்.