உயிரோட இருக்கிற பிள்ளை

இந்த இடத்துல ஒரு மனுஷன் கதையைச் சொல்லிட்டு மேல போறேன்... கொஞ்சம் கேளுங்க.

சவரிமுத்துன்னு ஒரு எழுத்தாளர். சிறுகதை எழுதுறவர். ஆட்சியை எதிர்த்துத் தெருத்தெருவா போராட்டம் வெடிச்ச காலம் அது. கதையெல்லாம் அப்புறம்னு ஒதுக்கி வச்சுட்டு, சொந்த ஊர்ல சின்னதா ஒரு மாலைப் பத்திரிகை நடத்துனார். போராட்டக்காரங்க பக்கம் நின்னவர்தான்... தடியடியில மண்டை உடைஞ்சவர்தான்.

ஒருநாள் காலையில சேதி வருது. போலீஸ் பிடிச்சுட்டுப் போன காலேஜ் பையன் கதிரவன், லாக்கப்புல அடிபட்டுச் செத்துட்டானாம். ஊரே கொதிக்குது. மறுநாள் ஸ்டேஷனுக்கு ஊர்வலம். ஸ்டேஷனைக் கொளுத்தியே தீரணும்னு சிலபேர் மண்ணெண்ணெய் சேர்க்கிறாங்க. எழுதுங்க, எழுதுங்கன்னு எல்லாரும் இவரை நெருக்குறாங்க.

இவர் எழுதினாரா? இல்லை... தேடிப் போனார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில, போலீஸ் காவல்ல பையன் படுத்திருக்கான். கால் உடைஞ்சு போச்சு... ஆனா உயிர் இருக்கு.

ஓடி வந்து போராட்டக்குழுத் தலைவர் அருணகிரிகிட்ட சொன்னார். அருணகிரி யோசிச்சான்.

"அண்ணே... ஊர்வலம் முடியட்டும். நாளன்னைக்கு எழுதுங்க."

"பெத்தவ நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுறா, அருணகிரி. உயிரோட இருக்கிற பிள்ளையை இன்னொரு நாள் சாகடிக்கச் சொல்றியா?"

அன்னிக்குச் சாயங்காலமே போட்டார். பையன் உயிரோட இருக்கான். அவன் காலை உடைச்சது போலீஸ். ரெண்டையும் போட்டார்.

அந்தத் தாய் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு ஓடினா. ஸ்டேஷன் எரியலை. ஆனா இவர் பத்திரிகை எரிஞ்சுது... சொந்த ஆளுங்களே பஸ் ஸ்டாண்டுல போட்டுக் கொளுத்துனாங்க. விலைபோயிட்டான்னு பேசினாங்க. அந்த மனசு என்ன பாடு பட்டிருக்கும்?

அப்புறம் போலீஸ் ஒரு கதை விட்டுது. பையன் சுவரேறிக் குதிச்சான், கால் உடைஞ்சுதுன்னு. ஒருத்தர் நம்பலைங்க... ஆளுங்கட்சிக்காரங்களே நம்பலை. சொந்தப் பக்கத்துக்காகக்கூடப் பொய் எழுதாத மனுஷன், போலீஸ் அடிச்சதுன்னு மட்டும் பொய்யா எழுதுவாரா? ஊரே கேட்டுது. விசாரணை வந்துது. அடிச்ச இன்ஸ்பெக்டருக்கு வேலை போச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு அருணகிரி வந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கலை. ஒரு சேதியைச் சொல்லி, "இது நிசமான்னு பார்த்துச் சொல்லுங்கண்ணே... அப்புறம் கூட்டத்துல பேசுறேன்"னான்.

எதுக்குச் சொல்றேன்? எதிராளி பொய் சொன்னா நமக்கு உடனே தெரிஞ்சுடும். நமக்குச் சாதகமா ஒரு பொய் வருமே... உங்க போனுக்கு இன்னைக்கே வரும்... அப்பதான் விரல் நிற்கணும். நிற்குமா?

நியாயம் நம்ம பக்கம் இருக்கும்போது பொய் எதுக்குய்யா நமக்கு?